ஒரே வாசல்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கோட்டைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் பஸ் ஹாரனும் பழ வண்டிக்காரர்களின் கூவலும். சாலைக்கு அந்தப் பக்கம் அகழித் தண்ணீர், அதற்கும் அப்பால் சாம்பல் நிறக் கருங்கல் மதில். ஊருக்கு நட்ட நடுவே 133 ஏக்கர். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வந்து, அடுத்த நாள் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும் வங்காளக் குடும்பங்கள் சாயங்காலமானால் அகழி ஓரத்துப் புல்தரையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. மடியில் ஸ்கேன் கவர், கையில் வேர்க்கடலைப் பொட்டலம். பிள்ளைகள் மதிலைக் காட்டி ஏதோ கேட்கிறார்கள். பெரியவர்களுக்கும் பதில் தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உள்ளே போக எந்தப் பக்கம் கிட்ட என்று ஓர் ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒரே வாசல்தான் சார். போறதுக்கும் அதான், வர்றதுக்கும் அதான்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ, இந்தக் கோட்டையைப் பற்றி இத்தனை வருடமாகப் படித்ததையெல்லாம் அந்த வாசலில் நின்று மறுபடி அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. யார் யார் உள்ளே வந்தார்கள்? யார், எப்படி வெளியே போனார்கள்? கோட்டை என்றால் வெளியிலிருந்து வருபவனைத் தடுப்பதற்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். வேலூர்க் கோட்டை அந்த வேலையையும் செய்தது. ஆனால் உள்ளே இருப்பவனை வெளியே விடாமல் வைத்திருந்த வேலையைத்தான் அது அதிக காலம், அதிக திறமையோடு செய்திருக்கிறது.

இன்று வாசலுக்குள் சாலை நேராகப் போகிறது. பழைய வழி அப்படியல்ல. தூக்குப் பாலத்தைத் தாண்டி, வளைந்து திரும்பி, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு கதவுகளைக் கடந்தால்தான் உள்ளே கால் வைக்க முடியும். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேலே மதில், மதில்மேல் காவல். மதிலும் ஒன்றல்ல, இரண்டு. தாழ்ந்த வெளிச்சுவர் ஒன்று. அதற்குப் பின்னால் உயர்ந்த உட்சுவர், வட்டக் கொத்தளங்களோடு. பெரிய பெரிய கருங்கற்கள் சாந்து பூசாமலே ஒன்றோடொன்று கவ்வி நிற்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். பாறையைப் பிளக்க வரிசையாகக் குடைந்த குழிகளில் பாதிப் பாதி இன்னும் அந்த விளிம்பில் இருக்கிறது. கட்டைவிரல் அதில் சரியாகப் பொருந்துகிறது. மற்ற பாதி வேறெந்தக் கல்லில் இருக்கிறதோ.

இதைக் கட்டியவர்களைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. பத்ராசலத்திலிருந்து வந்த பொம்மி ரெட்டி என்பவர் 13ஆம் நூற்றாண்டில் கட்டினார் என்பார்கள். கட்டடக் கலையும் கல்வெட்டும் அந்தக் கதைக்கு ஒத்துழைக்கவில்லை. விஜயநகரப் பேரரசர் சதாசிவராயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் நடுவில், அவருக்குக் கட்டுப்பட்டு இந்தப் பகுதியை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கரின் பெயரைத்தான் கல்வெட்டுகள் சொல்கின்றன. அப்பைய தீட்சிதரை ஆதரித்த அதே நாயக்கர். தீட்சிதருக்கு அவர் கனகாபிஷேகமே செய்தார் என்று, ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கும் அடையபலத்தில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பண்டிதரை உட்கார வைத்துத் தலைமேல் பொன்னைக் கொட்டிய அரசவை நடந்தது இந்த மண்ணில்தான்.

அந்த நாயக்கரின் மகன் லிங்கம நாயக்கர் காலத்திலேயே கோட்டை கைமாறிவிட்டது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு விஜயநகர அரசர்கள் ஹம்பியை விட்டுப் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் நகர்ந்துகொண்டே வந்தார்கள். 1600களின் தொடக்கத்தில் இரண்டாம் வேங்கடபதி ராயர் லிங்கம நாயக்கரிடமிருந்து வேலூரைப் பிடித்தார். பேரரசின் தலைநகரமாகவே ஆனது இந்தக் கோட்டை. 'ராயவேலூர்' என்று கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வதில் இருக்கும் ராயர், அந்த ராயர்தான்.

வேங்கடபதி ராயர் 1614இல் இறந்தார். இந்தத் தொடரில் எத்தனையோ வாரிசுச் சண்டைகளைப் பார்த்துவிட்டோம். இந்தச் சண்டையைப் போல என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறில்லை.

ராயருக்கு நேர் வாரிசு கிடையாது. அரசிகளில் ஒருத்தி தான் பெற்றதாகச் சொல்லி ஒரு பையனை வளர்த்துவந்தாள். அவள் பெற்ற பிள்ளையல்ல அது என்று அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும், ராயருக்கும் தெரியும். சாகும் தறுவாயில் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை அழைத்துத் தன் மோதிரத்தைக் கொடுத்து அரசனாக்கிவிட்டுக் கண்ணை மூடினார். அரசியின் உடன்பிறந்தான் ஜக்கராயன் சும்மா இருப்பானா? ஆட்களைத் திரட்டினான். புதிய அரசரை மனைவி மக்களோடு பிடித்து இந்தக் கோட்டைக்குள்ளேயே காவலில் வைத்தான். அரசியின் பையனுக்கு முடிசூட்டினான். பிரபுக்கள் எல்லோரும் பயந்து தலைவணங்கினார்கள். வெலுகோட்டி யாச்சம நாயக்கர் ஒருவர் மட்டும் வணங்கவில்லை.

கோட்டையை உடைத்து அரசரை மீட்க யாச்சமரிடம் போதிய படை இல்லை. அவருக்கு ஓர் ஆள் கிடைத்தார். சிறையில் இருந்த அரச குடும்பத்தின் துணிகளை வெளுத்துவந்த சலவைத் தொழிலாளி. அழுக்குத் துணி எடுக்க அவர் உள்ளே போகலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரலாம். வாசற்காவலர்களுக்கு அது தினசரிக் காட்சி. அப்படி ஒரு நாள் அவர் தூக்கிவந்த மூட்டைக்குள் அரசரின் இரண்டாவது மகன் ராமதேவன் இருந்தான்.

அந்த வாசலில் நின்றுகொண்டு நான் நினைத்துப் பார்த்தது இதைத்தான். நான்கு கதவு. ஒவ்வொன்றிலும் ஈட்டியோடு ஆட்கள். மூட்டைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை. ஒரு தும்மல் போதும். தூக்கியவரின் முதுகு வளைந்திருக்கும், நடை மட்டும் தினசரி நடையாகவே இருந்திருக்க வேண்டும். வேகம் கூடியிருந்தாலும் சந்தேகம், குறைந்திருந்தாலும் சந்தேகம். மாட்டியிருந்தால் அவர் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். பேரரசின் கடைசி வாரிசைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த மனிதரை அவர் செய்த தொழிலை வைத்து மட்டும்தான் நாம் இன்று குறிப்பிட முடிகிறது என்பது எனக்குத் தீராத வருத்தம். இந்த ஊரில் ஒரு தெருவுக்கு வைக்க வேண்டிய பெயர் அவருடையது.

உள்ளே இருந்தவர்களுக்கு விடிவு வரவில்லை. சுரங்கம் வழியாகத் தப்பப் பார்த்த முயற்சியும் அம்பலமாயிற்று. கடைசியில், தன் கையாலேயே மனைவியையும் பிள்ளைகளையும் வெட்டிவிட்டுத் தானும் மாயும்படி ஸ்ரீரங்கர் நிர்ப்பந்திக்கப்பட்டார். 1616இல் கொச்சியிலிருந்து கடிதம் எழுதிய பராதாஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் இதையெல்லாம் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கடிதம் இல்லையென்றால் மூட்டைக் கதையை நாம் ஏதோ நாடோடிக் கதை என்று தள்ளியிருப்போம். மூட்டையில் வந்த சிறுவனுக்காக யாச்சமரும் தஞ்சை ரகுநாத நாயக்கரும் ஒரு பக்கம், ஜக்கராயனும் அவனுக்குத் துணை வந்தவர்களும் மறு பக்கம் என்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் நடந்த போரில் ஜக்கராயன் விழுந்தான். ராமதேவன் அரசனானான்.

வாசலைக் கடந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் ஏழு நிலைக் கோபுரம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் கல்யாண மண்டபம். குதிரைகளும் யாளிகளும் பாய்ந்து எழும் ஒற்றைக்கல் தூண்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். தயவுசெய்து அண்ணாந்து பாருங்கள். நடு விதானத்தில் தாமரையைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கிளிகள், தலைகீழாகத் தொங்குகின்றன. இதழைக் கவ்வியபடி அலகு கீழே, வால் மேலே. கல்லில் இறகின் மென்மை தெரிகிறது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். இந்த மண்டபத்தை அப்படியே பிரித்தெடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டமிட்டதாகவும், ஏற்றிப்போக வந்த கப்பல் மூழ்கிவிட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். எப்படியோ, கிளிகள் இங்கேயே இருக்கின்றன.

பெயரில் ஜலம் இருப்பது சும்மா இல்லை. கோயிலும் அகழியும் ஏறக்குறைய ஒரே மட்டம். அகழி நிரம்பினால் பிராகாரத்தில் தண்ணீர் சுரக்கும். 2021 நவம்பர் மழையில் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, பக்தர்கள் அதில் நடந்துபோய்க் கும்பிட்டார்கள். உபரி நீர் வெளியேறப் பழைய ஆட்கள் வைத்த வழி தூர்ந்துபோனதால் வந்த வினை. கட்டியவர்களுக்கு நீரை எங்கிருந்து கொண்டுவர வேண்டும், எங்கே விட வேண்டும் என்று இரண்டும் தெரிந்திருந்தது. நாம் மறந்தது இரண்டாவதை.

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லும் ஒரு பழமொழி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமி இல்லாத கோயில் இதுதான். படையெடுப்புகளின் காலத்தில் வழிபாடு நின்று, ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகி, பிறகு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வெறும் சிற்பக்கூடமாகவே நின்றது. 1981 மார்ச் 16ஆம் தேதி, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர் மக்கள் கொண்டுவந்து கருவறையில் வைத்தார்கள். அன்றிலிருந்து பழமொழியில் ஒரு வரி குறைந்தது. சாமி வந்ததும் அதே ஒற்றை வாசல் வழியாகத்தான்.

கோட்டைக்குள்ளேயே ஒரு மசூதியும் இருக்கிறது. அங்கே தொழுகை இல்லை. 1846இல் கட்டிய புனித ஜான் தேவாலயம் இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கிறது. மூன்றும் கூப்பிடு தூரத்தில்.

ராயர்களுக்குப் பிறகு பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள் வந்தார்கள். 1677இல் சிவாஜி முற்றுகை போட்டார். எதிரே இருக்கும் குன்றுகளின்மேல் மராத்தியர்கள் கட்டிய கோட்டைகள் இன்றும் இங்கிருந்தே கண்ணுக்குத் தெரிகின்றன. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்ததாக மராத்தியர்களின் பழைய வரலாற்று நூலொன்று சொல்கிறது. எண்ணிக்கையை விடுங்கள். தங்கள் தளபதிகளை ஒரு வருடத்துக்கு மேல் வெளியே காக்கவைத்த கோட்டையைப் பற்றி அவர்களுக்கு எவ்வளவு மலைப்பு இருந்தது என்பது அதில் தெரிகிறது. 1678இல் கோட்டை பணிந்தது. பிறகு மொகலாயர், ஆற்காட்டு நவாபின் உறவுக்காரர்கள், கடைசியாகக் கிழக்கிந்தியக் கம்பெனி. 1780 முதல் 1782 வரை ஹைதர் அலி முற்றுகையிட்டும் கம்பெனிக்காரர்கள் வாசலைத் திறக்கவில்லை.

ஹைதர் வெளியிலிருந்து பார்த்த அந்த மதிலை, அவருடைய பேரப்பிள்ளைகள் உள்ளிருந்து பார்க்க நேர்ந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்ததும், அவருடைய மகன்களையும் மகள்களையும் அரண்மனைப் பெண்களையும் கம்பெனி இங்கே கொண்டுவந்து வைத்தது. ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்களைப் பார்த்து அவர்கள் இங்கே அரசாண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திப்பு குடும்பம் சிறையிருந்ததற்கு மிஞ்சிய அடையாளம் அந்தப் பெயர்கள்.

1806ஆம் ஆண்டு ஜூலை 10, விடிவதற்கு முன் நடந்ததைப் பாடப் புத்தகத்தில் வேலூர்க் கலகம் என்று நான்கு வரியில் படித்திருப்பீர்கள். அந்த நான்கு வரியில் தலைப்பாகை ஒன்று வரும். சிப்பாய்கள் ஒரு தொப்பிக்காகவா செத்தார்கள் என்று சின்ன வயதில் எனக்குத் தோன்றியதுண்டு. உத்தரவு முழுவதையும் படித்தபோதுதான் விளங்கியது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. கடுக்கன் கூடாது. தாடி கூடாது, மீசையும் சொன்ன அளவில்தான். தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் சேர்த்து ஒரே காகிதத்தில் அவமானம் எழுதப்பட்டிருந்தது. மே மாதத்தில் மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், இரண்டு பேருக்கும் ஆளுக்கு 900 கசையடி. அடித்தவர்கள் கணக்குத் தவறாமல் சமமாகத்தான் அடித்தார்கள். அதனாலோ என்னவோ, ஜூலையில் இரண்டு மதத்துச் சிப்பாய்களும் சமமாகவே எழுந்தார்கள்.

திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம் ஜூலை 9ஆம் தேதி. கோட்டைக்குள் ஆட்கள் கூட அது வசதியாக அமைந்தது. அன்றிரவு உள்ளே இருந்தவர்கள் சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள், 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 370 வெள்ளையர்கள். இரண்டு மணிக்கு மேல் துப்பாக்கிகள் வெடித்தன. தூங்கிக்கொண்டிருந்த வெள்ளையர்களைப் பாசறையின் ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். கோட்டைத் தளபதி பேன்கோர்ட் செத்து விழுந்தார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளோடு கோழிக் கூண்டு அறையில் ஒளிந்து உயிர் தப்பி, பிறகு அந்த இரவைப் பற்றி எழுதியிருக்கிறார். விடிந்தபோது கொடிமரத்தில் மைசூர்ப் புலிக்கொடி பறந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தக் கொடி! உள்ளே இருந்த இளவரசர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

ஆனால் வாசல். சிப்பாய்கள் கோட்டை முழுவதையும் பிடித்தார்கள். வாசலுக்கு மேலிருந்த மதிலை மட்டும் விட்டுவிட்டார்கள். உயிர் பிழைத்த வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு கூட்டமாக அங்கே ஏறி, பிராடி என்ற சார்ஜென்டின் தலைமையில், தோட்டா தீர்ந்த நிலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். தகவல் ஆற்காட்டுக்குப் போயிற்று. பதினாறு மைல். கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பறந்து வந்தார். வெளிக் கதவுகள் திறந்தே கிடந்தன. மேலே இருந்தவர்கள் போட்ட கயிற்றைப் பிடித்து அவர் மதில்மேல் ஏறினார். பின்னாலேயே வந்துசேர்ந்த சிறு பீரங்கிகள் கடைசிக் கதவை உடைத்தன. திருப்பத்துக்குத் திருப்பம் எதிரியைத் தடுக்கவென்று கட்டிய வாசல், கவனிக்காமல் விட்ட ஒரே காரணத்தால் சில மணி நேரத்தில் திறந்துவிட்டது. குதிரைகள் உள்ளே வந்த பிறகு அந்த வாசல் வழியாக வெளியே போகச் சிப்பாய்களுக்கு வழியேது?

செத்த வெள்ளையர்களின் கணக்கு அதிகாரிக்கு அதிகாரி, பெயரோடு இருக்கிறது. 14 அதிகாரிகள், 69ஆம் படைப்பிரிவில் 115 பேர். செத்த சிப்பாய்கள் 350 பேர் என்பார் சிலர், 800 என்பார் சிலர். இடைவெளியில் இருக்கும் 450 உயிர்களைப் பற்றி எழுத யாரும் மெனக்கெடவில்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரை வெளியே இழுத்துவந்து, பந்தாடும் இடத்தின் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். கதவை உடைத்த பொறியாளர் பிளாகிஸ்டன், அந்தக் காட்சியைக் கலக்கமில்லாமல் பார்க்க முடிந்ததாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கவர்னர் பென்டிங்கும் தலைமைத் தளபதி கிராடக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தானது. மீரத் எழுச்சிக்கு இன்னும் 51 வருடம் இருந்தது.

மக்கான் சந்திப்பில் சிப்பாய்களுக்கு இன்று ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. சுற்றிலும் ஷேர் ஆட்டோக்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். கோட்டைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

திப்பு குடும்பம் காலி செய்த சிறை வெகுநாள் காலியாக இருக்கவில்லை. 1815 பிப்ரவரியில் கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. இலங்கையின் கடைசி மன்னர். 1816 ஜனவரியில் குடும்பத்தோடு கொழும்பில் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேலூருக்கு. அவர் இருந்த கட்டடத்துக்குக் கண்டி மஹால் என்று பெயர். வருடம் முழுக்க மழைத்தூறலும் பச்சை மலையும் பார்த்துப் பழகிய கண்கள், வேலூர் வெயிலில் மரம் இல்லாத மலையைப் பதினாறு வருடம் பார்த்தன. 1832 ஜனவரி 30ஆம் தேதி, நீர்க்கோவையால் உடல் வீங்கி, 52 வயதில் இறந்தார்.

அன்றுதான் அவரை வாசலுக்கு வெளியே விட்டார்கள். பாலாற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன். அவருடைய சமாதியும் உறவினர்களின் சமாதிகளும் இருக்கும் இடத்தில் தமிழக அரசு 1990இல் கட்டிய முத்து மண்டபம் இருக்கிறது. நான் போன மத்தியான வேளையில் வேறு யாரும் இல்லை. சமாதிக் கல்லின்மேல் யாரோ வைத்துவிட்டுப்போன இரண்டு அரளிப் பூக்கள் வாடிக் கிடந்தன. அப்பால் பாலாறு, கண்ணுக்கெட்டிய தூரம் மணல்.

கண்டி அரசரின் சிம்மாசனத்தையும் ஆங்கிலேயர்கள் அவரைப் பிடித்தபோதே எடுத்துப்போய் வின்ட்சர் கோட்டையில் வைத்திருந்தார்கள். அது 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. அரசர் பாலாற்றங்கரையிலேயே இருக்கிறார்.

(தொடரும்)